குழு கிடைத்தால் மட்டும் போதுமா? ஒரு குடும்ப வைத்தியரின் கிளினிக்குக்கு என்ன உதவி வேண்டும்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு குடும்ப வைத்தியரின் கிளினிக்கை நிர்வகிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் டொக்டர் தனியாகத்தான் கிளினிக் நடத்துகிறார். 1,800 நோயாளிகள். பாதிக்கு மேல் தமிழர்கள், அதிலும் நிறையப் பேர் வயதானவர்கள். இப்போது எங்களையும் ஒரு குழுவில் சேர்ப்பதாகப் பேச்சு நடக்கிறது. தாதி, மருந்தாளர், உணவியலாளர், சமூகப் பணியாளர் எல்லாம் வருவார்களாம். இதனால் பராமரிப்பு உண்மையில் நன்றாகுமா, இல்லை கூட்டங்களும் படிவங்களும்தான் கூடுமா? நாங்கள் என்ன உதவி கேட்க வேண்டும்? முதலில் ஒருவரைத்தான் தருவோம் என்றால் யாரைக் கேட்பது?"

நன்றாகும். ஆனால் தானாக நன்றாகாது. நாலு பேரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனால், டொக்டர் முன்போலவே எல்லாவற்றையும் தானே செய்துகொண்டிருப்பார். வந்தவர்கள் பக்கத்து அறையில் யாராவது அனுப்பப்படுவார்களா என்று காத்திருப்பார்கள். ஒன்ராறியோவில் இருபது வருடமாக இது நன்றாக நடந்த இடங்களும் உண்டு, பெயருக்கு நடந்த இடங்களும் உண்டு. நான் கிளினிக்குகளின் தர மேம்பாட்டு வேலையில் இருப்பவன். ஆட்களைக் கேட்கும் அதே மூச்சில், அந்த ஆட்களைக் குழுவாக இயங்க வைக்கும் உதவியையும் கேட்டு வாங்குங்கள் என்பதுதான் என் பதில். அது என்ன உதவி என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், குழு எதற்கு? 2022-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. 2,500 பேரைப் பொறுப்பேற்ற ஒரு வைத்தியர், வழிகாட்டு நெறிகள் சொல்கிற அத்தனையையும் ஒழுங்காகச் செய்ய ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? 26.7 மணி நேரம் என்று வந்தது. அதில் பரிசோதனைகள், தடுப்பூசிகள், ஆலோசனை என்று நோய் வராமல் காக்கும் வேலைக்கு மட்டும் 14.1 மணி. சீனி வருத்தம், பிரஷர் போன்ற நாட்பட்ட நோய்களுக்கு 7.2. காய்ச்சல், முதுகுவலி என்று அன்றன்று வருகிறவர்களுக்கு 2.2. மிச்சம் 3.2 மணி பதிவு எழுதவும், வரும் செய்திகளையும் முடிவுகளையும் பார்க்கவும். இதே வேலையைக் குழுவாகப் பிரித்தால் வைத்தியரின் பங்கு 9.3 மணி நேரமாகக் குறைகிறது.

அந்தக் குறைவு எங்கே வருகிறது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். தடுப்பு வேலை 14.1-லிருந்து 2 மணிக்கு இறங்குகிறது. நாட்பட்ட நோய்களின் வேலை பாதியாகிறது. பதிவும் கடிதமும் மட்டும் 3.2-லிருந்து 2.6-க்குத்தான் வருகிறது. அதாவது, குழு வந்தால் டொக்டரின் கடதாசி வேலை போய்விடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்ராறியோ குடும்ப வைத்தியர்கள் வாரத்துக்குச் சுமார் 19 மணி நேரம் நிர்வாக வேலையில் செலவிடுவதாக அவர்களுடைய தொழில் அமைப்பான ஒன்ராறியோ குடும்ப வைத்தியர்கள் கல்லூரியே சொல்லியிருக்கிறது. அதற்குத் தனி மருந்து வேண்டும், பிறகு வருகிறேன். குழு கைகொடுப்பது, ஒழுங்கு வைத்து, பட்டியல் போட்டு, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலையில்.

ஒன்ராறியோவின் அனுபவத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கிளினிக் ஏன் இவ்வளவு காலம் வெளியே நின்றது என்பதற்கு அதில் காரணம் இருக்கிறது. ஃபாமிலி ஹெல்த் டீம் என்கிற குடும்ப சுகாதாரக் குழுக்கள் 2005-ல் தொடங்கின. அடுத்த சில வருடங்களில் 180-க்கு மேல் வந்தன. மாகாணத்தின் மக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் அவற்றின் கீழ் வந்தார்கள். அத்தோடு வளர்ச்சி நின்றது. குழுவில் சேர வேண்டுமென்றால் வைத்தியர் ஒவ்வொரு வருகைக்கும் பில் போடும் முறையை விட்டு, பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் வருடக் கணக்கில் பணம் பெறும் முறைக்கோ சம்பளத்துக்கோ மாற வேண்டும். அந்த முறைக்கு மாறவும் தனியாக முடியாது, குறைந்தது மூன்று வைத்தியர்கள் சேர வேண்டும். 2015-ல் அரசு அந்தக் கதவையும் பெரும்பாலும் சாத்தியது. கடைத்தொகுதி ஒன்றில் தனியாகக் கிளினிக் வைத்து, பில் முறையிலேயே ஓடிக்கொண்டிருந்த எங்கள் ஆட்களின் வைத்தியர்கள் பலர் அப்படித்தான் வெளியே நின்றார்கள்.

இதன் விளைவு என்னவென்று 2012-ல் ஐ.சி.ஈ.எஸ். ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை ஒன்று காட்டியது. குடும்ப சுகாதாரக் குழுக்களில் வசதியானவர்கள் ஒப்பீட்டளவில் அதிகம், புதிதாகக் குடியேறியவர்கள் குறைவு. அதோடு, அந்த நோயாளிகள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருந்தார்கள். அதே காலத்தில் சமூக சுகாதார நிலையங்கள், ஏழைகளையும் புதிதாக வந்தவர்களையும் அதிகமாகப் பார்த்தபோதும், அவற்றின் நோயாளிகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே அவசரப் பிரிவுக்குப் போனார்கள். இரண்டிலும் குழு இருந்தது. வேறுபட்டது குழு எப்படி அமைந்தது, யாருக்காக அமைந்தது என்பதுதான். 2015-ல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த இன்னோர் ஆய்வில், குழு முறைக்கு மாறிய கிளினிக்குகளில் நீரிழிவுப் பராமரிப்பு மற்றவர்களைவிட நன்றாக முன்னேறியது. புற்றுநோய்ப் பரிசோதனைகளில் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. சீனி வருத்தத்துக்குத் தாதி, உணவியலாளர் என்று வேலை தெளிவாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பரிசோதனைக்கு வராதவரைத் தேடிப் பிடிப்பது யாருடைய வேலை என்று பல இடங்களில் ஒருவரும் தீர்மானிக்கவில்லை.

இப்போது கதவு மறுபடி திறந்திருக்கிறது. 2024 பெப்ரவரியில் 78 புதிய, விரிவாக்கப்பட்ட குழுக்களுக்கு 110 மில்லியன் டொலர் அறிவித்தார்கள். 2024 இறுதியில் முன்னாள் மத்திய சுகாதார அமைச்சரும் குடும்ப வைத்தியருமான ஜேன் ஃபில்பொட் தலைமையில் ஒரு செயற்குழு அமைந்தது. 2025 ஜனவரியில் 1.8 பில்லியன் டொலர் திட்டம் வந்தது: சுமார் 300 குழுக்கள், நான்கு வருடத்தில் இன்னும் 20 லட்சம் பேருக்குக் குடும்ப வைத்தியரோ குழுவோ கிடைக்க வேண்டும் என்பது இலக்கு. அதே வருடம் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புக்கென்றே ஒரு சட்டமும் நிறைவேறியது. உங்களிடம் வந்திருக்கும் பேச்சு இந்தப் பின்னணியில்தான் வந்திருக்க வேண்டும். நல்ல வாய்ப்பு. பேசப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் இருப்பதற்குத்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

ஒரு ஆளும் வருவதற்கு முன்பே நீங்கள் தொடங்க வேண்டிய வேலை, நோயாளிகளின் பட்டியலைத் துப்புரவாக்குவது. 1,800 என்கிறீர்கள். அந்த 1,800 பேரும் இப்போதும் உங்கள் நோயாளிகளா? பக்கத்து நகரங்களான மார்க்கத்துக்கோ அஜாக்ஸுக்கோ வீடு மாறி வேறு டொக்டரிடம் போனவர்கள், இறந்துபோனவர்கள், ஒருமுறை மட்டும் தடுப்பூசிக்கு வந்தவர்கள், ஒரே ஆள் இரண்டு விதமான பெயர் எழுத்தோடு இரண்டு கோப்பாக இருப்பவர்கள் என்று எந்தக் கிளினிக்கின் கணினியிலும் நிறையப் பேர் இருப்பார்கள். தமிழ்ப் பெயர்களில் தகப்பன் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்ற குழப்பத்தால் இரட்டைக் கோப்பு சாதாரணமாக வரும். இதைச் சரி செய்யாமல் எந்தக் கணக்கு எடுத்தாலும் பிழையாகத்தான் வரும். அதற்கு அடுத்தபடி, நோயின் பெயர்களை ஒரே மாதிரிப் பதிவது. ஒருவர் கோப்பில் "நீரிழிவு" என்று நோய்ப் பட்டியலில் இருக்கும், இன்னொருவருக்கு டொக்டர் எழுதிய குறிப்பின் நடுவில் மட்டும் இருக்கும். கணினியில் தேடினால் இரண்டாமவர் வரவே மாட்டார். இந்த வேலைக்குச் சில மாதங்கள் பிடிக்கும். செய்து முடித்தால், "சீனி வருத்தம் உள்ளவர்களில் ஆறு மாதமாக இரத்தப் பரிசோதனை செய்யாதவர்கள் யார்?" என்ற கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பெயர்ப் பட்டியல் வரும். குழுவின் முதல் நாள் வேலையே அந்தப் பட்டியல்தான்.

இந்த வேலையை உங்கள் தலையில் மட்டும் போட வேண்டாம் என்று கேளுங்கள். குடும்ப சுகாதாரக் குழுக்கள் சிலவற்றுக்கு இதற்கென்றே தரவு நிபுணர்கள் இருக்கிறார்கள், ஒருவர் பல குழுக்களுக்குப் பொதுவாக வேலை செய்வார். அவருடைய நேரத்தில் உங்களுக்கு எவ்வளவு பங்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாகாண அரசின் சுகாதார அமைப்பான ஒன்ராறியோ ஹெல்த் தரும் மைபிராக்டிஸ் அறிக்கையை உங்கள் டொக்டர் இதுவரை பதிவு செய்து எடுக்கவில்லை என்றால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள், இலவசம். அவருடைய நோயாளிகளில் எத்தனை வீதத்தினர் புற்றுநோய்ப் பரிசோதனை செய்திருக்கிறார்கள், சுற்றுவட்டாரத்தோடும் மாகாணத்தோடும் ஒப்பிட்டால் எங்கே நிற்கிறார் என்று அதில் தெரியும்.

சரி, வேலையை எப்படிப் பிரிப்பது? உங்கள் கிளினிக்கில் அடிக்கடி பார்த்திருக்கக்கூடிய ஒருவரை நினைத்துக்கொள்வோம். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா. மூன்று மாதச் சீனி அளவு 9.2. தனியாக இருக்கும் டொக்டருக்குப் பத்து நிமிடம். முந்தைய முடிவைப் பார்ப்பார், குளிசையின் அளவைக் கூட்டுவார், "சோறைக் குறையுங்கோ" என்பார், அம்மா தலையாட்டுவார், அடுத்த நோயாளி வந்துவிடுவார். மூன்று மாதம் கழித்து 9.4.

அதே அம்மாவிடம் ஒரு மருந்தாளர் முக்கால் மணி நேரம் உட்கார்கிறார். வீட்டில் இருக்கிற மருந்து எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். மேசையில் கொட்டியவுடன் கதை வெளியே வருகிறது. மெட்ஃபோர்மின் வயிற்றைக் கலக்குகிறது என்று அம்மா அதை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார், அதுவும் பாதி. வைத்தியசாலையிலிருந்து வந்தபோது எழுதிக்கொடுத்த பிரஷர் குளிசையும் பழைய குளிசையும் ஒரே வகை, இரண்டையும் சேர்த்துப் போடுகிறார், அதனால்தான் காலையில் எழும்பும்போது தலைசுற்று. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த பாகற்காய்த் தூளும் பையில் இருக்கிறது. மருந்தாளர் நடைபாதையில் டொக்டரைப் பிடித்து இரண்டு நிமிடம் பேசுகிறார். மெட்ஃபோர்மின் மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுகிறது, இரட்டைப் பிரஷர் குளிசையில் ஒன்று நிற்கிறது. தாதி பாதங்களைச் சோதிக்கிறார், சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிய தாளைக் கொடுக்கிறார், கண் பரிசோதனை கடைசியாக எப்போது என்று கேட்டு நாள் பிடித்துக் கொடுக்கிறார். உணவியலாளர் இரவில் புட்டா இடியப்பமா, எத்தனை, எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். மகள் வேலை முடிந்து வரும்வரை அம்மா பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, தான் இரவு பத்து மணிக்குத்தான் சாப்பிடுகிறார் என்பது அப்போதுதான் தெரிகிறது. இரண்டு வாரம் கழித்துத் தாதி தொலைபேசியில் கூப்பிட்டு, புதுக் குளிசை ஒத்துப்போகிறதா என்று கேட்கிறார்.

அடுத்த முறை அம்மா டொக்டரைப் பார்க்கும்போது அந்தப் பத்து நிமிடம் சீனிக்குச் செலவாகவில்லை. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது என்று அவர் போகிற போக்கில் சொன்னதைக் கேட்க டொக்டருக்கு நேரம் இருக்கிறது. குழு முறையின் பயன் எனக்கு அதில்தான் முழுமையாகத் தெரிகிறது.

இது நடக்க வேண்டுமென்றால் மூன்று விஷயம் முன்கூட்டியே தீர்ந்திருக்க வேண்டும். மருந்தாளரும் தாதியும் டொக்டரின் அதே மின்னணுக் கோப்பில் எழுத வேண்டும். தனிக் கோப்பில் எழுதி ஃபாக்ஸ் அனுப்பினால் அது குழு இல்லை, இன்னொரு சிபாரிசுக் கடிதம். அடுத்து, டொக்டரை ஒவ்வொரு முறையும் கேட்காமல் தாதி எதைச் செய்யலாம் என்பதை மெடிக்கல் டிரெக்டிவ் என்கிற எழுத்துமூல அனுமதியாக வைத்திருக்க வேண்டும்: இன்ன நிலையில் இன்ன பரிசோதனைக்கு எழுதலாம், இன்ன தடுப்பூசி போடலாம் என்று. இதை எழுதுவதற்கு நேரம் பிடிக்கும், டொக்டர்கள் தள்ளிப்போடுவார்கள், ஆனால் இது இல்லாத இடத்தில் தாதி நல்ல சம்பளத்தில் பிரஷர் அளந்துகொண்டிருப்பார். மூன்றாவது, அவர்கள் உங்கள் கிளினிக்கில் உட்கார வேண்டும். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளி இருக்கும் உணவியலாளரிடம் அனுப்பினால் அந்த அம்மா போகமாட்டார். அறை இல்லை என்றால் வாரத்தில் இரண்டு நாள் வந்து போகும் ஏற்பாட்டையாவது கேளுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. குடல் புற்றுநோய்ப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் 50 முதல் 74 வயது வரையானவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே செய்யும் மலப் பரிசோதனை அது. டொக்டர் படிவம் அனுப்பினால் ஆய்வுகூடத்திலிருந்து பொதி தபாலில் வீட்டுக்கு வரும். ஆங்கிலத்தில் எழுதிய அந்தப் பொதியைப் பல வீடுகளில் விளம்பரக் கடிதங்களோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள், திறந்து பார்த்தாலும் கூச்சத்தில் மூடிவிடுவார்கள். படிவம் அனுப்பிய மறுவாரம் உங்கள் வரவேற்பு மேசையிலிருந்து தமிழில் ஒரு தொலைபேசி அழைப்பு: "அம்மா, ஒரு பொதி வந்திருக்கும், அது டொக்டர் அனுப்பச் சொன்னது, இப்படித்தான் செய்ய வேண்டும்." இதற்கு நிபுணர் யாரும் தேவையில்லை. அந்த நேரம் ஒருவருடைய வேலை நேரத்தில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை 2025 மார்ச்சில் எச்.பி.வி. பரிசோதனைக்கு மாறி, பெரும்பாலானவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும் என்றாகியிருக்கிறது. மார்பகப் பரிசோதனைக்கு 2024 ஒக்டோபரிலிருந்து 40 வயது முதலே பெண்கள் தாங்களாகவே நாள் பதிவு செய்யலாம். இவற்றை எங்கள் பெண்களுக்கு ஒரு தமிழ் பேசும் தாதி விளக்கினால் வரும் வித்தியாசம் பெரிது. டொக்டர் ஆண் என்றால் இன்னும் பெரிது.

இப்போது, பெரும்பாலானோர் கேட்க மறந்துவிடும் உதவிக்கு வருகிறேன். கிளினிக்குக்கே வந்து, உங்களோடு உட்கார்ந்து, வேலை முறையை மாற்ற உதவும் ஓர் ஆள். ஆங்கிலத்தில் பிராக்டிஸ் ஃபசிலிட்டேட்டர் என்பார்கள். பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுப் போகிறவர் இல்லை. மாதாமாதம் வருவார். ஒரு நோயாளி உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை எங்கே காத்திருக்கிறார் என்று கூடவே நடந்து பார்ப்பார். ஒரு சின்ன மாற்றத்தை ஒரு வாரம் செய்து பார்க்கச் சொல்லி, எண்ணைப் பார்த்து, ஒத்துவந்தால் வைத்து, ஒத்துவராவிட்டால் விடச் சொல்வார். ஒன்ராறியோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இப்படி உதவி கிடைத்த கிளினிக்குகள் சான்றுள்ள வழிகாட்டு நெறிகளைப் பின்பற்றும் வாய்ப்பு மற்றவற்றைவிட 2.76 மடங்கு என்று வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2007-லிருந்தே குடும்ப வைத்தியர்களின் கிளினிக்குகளுக்கு இப்படி உதவும் ஒரு மாகாணத் திட்டம் இருக்கிறது. ஒன்ராறியோவில் இது இடத்துக்கு இடம் மாறும், கேட்டால்தான் கிடைக்கும்.

அப்படி ஒருவர் வந்தால் பெரும்பாலும் முதலில் தொடங்கி வைப்பது காலைச் சந்திப்பு. கிளினிக் திறக்கும் முன் பத்து நிமிடம், நின்றபடியே. அன்றைய பட்டியலை வைத்துக்கொண்டு வரவேற்பில் இருப்பவர் சொல்வார்: "பத்தரைக்கு வருபவர் போன வாரம் வைத்தியசாலையிலிருந்து வந்தவர், அவருடைய அறிக்கை இன்னும் வரவில்லை." தாதி சொல்வார்: "பதினொன்றுக்கு வருகிறவருக்கு நிமோனியாத் தடுப்பூசி பாக்கி, அதை நான் முதலில் போட்டுவிடுகிறேன்." அறிக்கையை யார் துரத்துவது என்று அங்கேயே முடிவாகும். இதைச் செய்யும் கிளினிக்குகளில், நோயாளி உள்ளே உட்கார்ந்த பிறகு தாளைத் தேடி ஓடுவது வெகுவாகக் குறைகிறது. டொக்டர் வராவிட்டால் இந்தச் சந்திப்பு இரண்டு வாரத்தில் செத்துவிடும், அதையும் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் சொந்த வேலையில் ஒன்றை அளக்கச் சொல்வேன். வாரத்தில் ஒருநாள், ஒரே நேரத்தில், டொக்டரின் அட்டவணையைத் திறந்து, இன்றிலிருந்து மூன்றாவதாக வெறுமையாக இருக்கும் நேரம் எத்தனை நாள் தள்ளி இருக்கிறது என்று எழுதுங்கள். முதலாவது வெறும் நேரம் யாரோ கடைசி நிமிடத்தில் ரத்து செய்ததால் வந்திருக்கலாம், அதனால் மூன்றாவதைப் பார்ப்பது வழக்கம். குழு வந்து ஆறு மாதமாகியும் அந்த எண் குறையவில்லை என்றால், வந்தவர்கள் டொக்டரின் வேலையில் எதையும் இறக்கவில்லை, புதிதாக வேலை சேர்ந்திருக்கிறது என்று பொருள். மாதாந்தக் கூட்டத்தில் அந்த எண்ணை மேசையில் வையுங்கள்.

கடதாசி வேலைக்கு வருகிறேன் என்றேன். இதில் டொக்டருக்குச் சம்பளம் கொடுக்கும் முறையும் சேர்ந்திருக்கிறது. பில் முறையில், நோயாளி நேரில் வந்தால்தான் பெரும்பாலும் பணம். தாதி பார்த்தால் டொக்டரின் வருமானம் குறைகிறது, முடிவுகளைப் பார்த்து யோசிக்கும் நேரத்துக்கு ஒன்றுமில்லை. பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் பணம் பெறும் முறையில் அந்தச் சிக்கல் குறையும். ஆனால் தொகை நீண்ட காலமாக வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்தே கணக்கிடப்பட்டு வந்தது, நோயின் சிக்கலையோ மொழிபெயர்க்கும் நேரத்தையோ பார்க்கவில்லை. போதாததற்கு, நோயாளி வேறொரு வோக்-இன் கிளினிக்குக்குப் போனால் டொக்டரின் ஊக்கத்தொகை குறையும், அவசரப் பிரிவுக்குப் போனால் குறையாது என்றொரு விதி வேறு இருந்து வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா 2023 பெப்ரவரியில் கொண்டுவந்த முறை, நோயாளியோடு செலவிடும் நேரத்துக்கும், அவர் இல்லாதபோது அவருக்காகச் செய்யும் வேலைக்கும், பொறுப்பேற்ற நோயாளிகளின் தொகைக்கும் சிக்கலுக்கும் சேர்த்துக் கொடுக்கிறது. அதுதான் சரியான திசை என்பது என் எண்ணம். உங்கள் டொக்டர் முறை மாறுவதற்கு முன் ஒரு கணக்காளரிடம் இரண்டு முறையிலும் வருமானத்தைப் போட்டுப் பார்க்கட்டும். பணக் கவலையோடு இருக்கும் வைத்தியர் வேலையைப் பகிரத் தயங்குவார், அது இயல்பு.

நிபுணர்களிடம் அனுப்புகிற வேலையைக் குறைக்க இரண்டு நல்ல வழிகள் ஏற்கனவே இருக்கின்றன. ஒட்டாவாவில் 2010-ல் தொடங்கிய இ-கன்சல்ட்டில், டொக்டர் கேள்வியையும் தேவையானால் படத்தையும் பாதுகாப்பான இணைய வழியில் அனுப்புவார், நிபுணர் பெரும்பாலும் சில நாட்களுக்குள் பதில் எழுதுவார். பெரும்பாலான கேள்விகளில் நோயாளி நிபுணரிடம் நேரில் போக வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. ரொறன்ரோவில் ஸ்கோப் என்றொரு திட்டம், குழு இல்லாத வைத்தியர்களை மனதில் வைத்து அமைத்தது. ஒரே தொலைபேசி எண்ணில் வழிகாட்டும் தாதியும் உள்மருத்துவ நிபுணரும் கிடைப்பார்கள். குழு வரும்வரை காத்திருக்காமல் உங்கள் பகுதியில் இப்படி எது இருக்கிறது என்று விசாரியுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது, இதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். உங்கள் டொக்டரிடம் இன்று ஒரு பெரிய பலம் இருக்கிறது: அவருக்கு நோயாளிகளைத் தெரியும், நோயாளிகளுக்கு அவரைத் தெரியும். நோர்வேயில் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், 15 வருடத்துக்கு மேல் ஒரே குடும்ப வைத்தியரிடம் இருந்தவர்களுக்கு, ஒரு வருடமே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அவசரமாக வைத்தியசாலையில் சேரும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் கால் பங்குக்குக் குறையாமல் தாழ்ந்திருந்தது. குழு என்ற பெயரில் ஒவ்வொரு முறையும் யார் கையில் அகப்பட்டாரோ அவரிடம் அனுப்பினால் இந்தப் பலம் போய்விடும். அதனால் தாதியும் ஒரே தாதியாக இருக்கட்டும், டொக்டர் அவரை நோயாளியிடம் தானே அழைத்துப்போய் "இவரும் நானும் சேர்ந்துதான் உங்களைப் பார்க்கிறோம்" என்று சொல்லட்டும். வயதானவர்கள் பலர் "டொக்டரைப் பார்க்கத்தான் வந்தேன், நேர்ஸை இல்லை" என்பார்கள். டொக்டரின் வாயால் அந்த ஒரு அறிமுகம் வந்தால் அடுத்த முறை அவர்களே தாதியின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள்.

ஊழியர்கள் நிலைக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பில் வேலை செய்யும் தாதிக்கு வைத்தியசாலைத் தாதியைவிடச் சம்பளம் குறைவு, இந்தத் துறையின் சங்கங்கள் பல வருடமாகச் சொல்லிவரும் குறை இது. பழகி, நோயாளிகளைத் தெரிந்துகொண்ட நேரத்தில் ஆள் போய்விடுவார். வேலைக்கு அமர்த்துபவர் யார், சம்பளம் எந்த அட்டவணைப்படி, விடுமுறையில் போனால் பதிலுக்கு ஆள் உண்டா என்பதைக் கூட்டத்திலேயே கேளுங்கள்.

கடைசிக் கேள்வி, ஒருவரைத்தான் தருவார்கள் என்றால் யார்? தாதியைக் கேளுங்கள். முழுநேரமாக, உங்கள் கிளினிக்கிலேயே, முடிந்தால் தமிழ் பேசுகிறவராக. உணவியலாளரோ சமூகப் பணியாளரோ வாரத்தில் அரை நாள் வந்துபோவதைவிட, தினமும் இருக்கும் ஒரு தாதி தடுப்பு வேலையையும் நாட்பட்ட நோய்களின் பட்டியலையும் கையில் எடுத்து நடத்தலாம். குடல் பரிசோதனை அழைப்பு முதல் கால் சோதனை வரை அவருக்கு வேலை இருக்கும். இரண்டாவதாக மருந்தாளரைக் கேளுங்கள், வாரம் இரண்டு நாள் என்றாலும் போதும். உங்கள் வயதான நோயாளிகளில் பத்துக் குளிசைக்கு மேல் போடுகிறவர்களின் பெயர்களை இப்போதே கணினியிலிருந்து எடுத்து வைத்திருங்கள், அவர் வரும் முதல் வாரத்திலேயே அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.